கணினி இரைச்சலும் மாணவர் செவியும்

பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பிள்ளைக்கு மேசைக் கணினி வாங்கலாம் என்று இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?" நினைவகம் எவ்வளவு வேண்டும், திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஈராயிரம் ரிங்கிட்டுக்குள் அடங்குமா என்றெல்லாம் விரிவாகக் கேட்பார்கள். "அது எவ்வளவு சத்தம் போடும்?" என்று கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை. அதையும் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கணினியின் சத்தத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதன் செயலகத்தின் மேல் அமர்ந்திருக்கும் குளிர்விப்பான்தான். அதைத் தேர்ந்தெடுப்பது பற்றியே இந்தப் பதிவு.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு சொல். 'செயலி' என்றால் இன்று கைப்பேசியில் தட்டித் திறக்கும் செயலிகளே எல்லாருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, கடைக்காரர் 'புரோசசர்' என்று சொல்லும் உறுப்பை நான் இங்குச் 'செயலகம்' என்றே எழுதுகிறேன். அவர் 'கூலர்' என்பதைக் குளிர்விப்பான் என்கிறேன். கடைக்குப் போகும்போது கூலர் என்றே கேளுங்கள். குளிர்விப்பான் என்று கேட்டால் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் கைகாட்டி விடுவார்கள்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நம் வகுப்பறைகள் ஒரே நாளில் வீட்டு வரவேற்பறைகளுக்கு இடம் மாறின. இல்லிருப்புக் கற்றல் முடிந்துவிட்டது என்றாலும் அது விட்டுச் சென்ற பழக்கங்கள் முடியவில்லை. ஆசிரியர்கள் பாடங்களைக் காணொலியாகப் பதிவு செய்கிறோம். சொல்வதெழுதலைக் குரற்பதிவாக அனுப்புகிறோம். மாணவர்கள் வாசிப்பைப் பதிவு செய்து நமக்கு அனுப்புகிறார்கள். இவை அனைத்திலும் ஒலிவாங்கிக்கு மிக அருகில் இருக்கும் பொருள் எது? கணினிப் பெட்டி. அதனுள் சுழலும் விசிறி, பாடம் நெடுக நம்மோடு சேர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறது.

வலி, வளி, வழி ஆகிய மூன்று சொற்களையும் ஒரு குரற்பதிவில் சொல்லிப் பாருங்கள். லகர ளகர ழகர வேறுபாடு நாவின் நுனி எங்கே தொடுகிறது, எவ்வளவு வளைகிறது என்பதில் இருக்கிறது. காதுக்கு அது மிக நுண்ணிய வேறுபாடாகவே வந்து சேர்கிறது. நேரில் பாடம் நடத்தும்போது மாணவன் என் வாயசைவையும் பார்க்கிறான். குரற்பதிவில் அவனுக்கு ஒலி மட்டுமே துணை. அந்த ஒலியின் மேல் ஓயாத இரைச்சல் ஒன்று படர்ந்திருந்தால் நுண்ணிய வேறுபாடுகளே முதலில் மறைகின்றன. பனி பணியாகவும் அரம் அறமாகவும் மாறும்போது பிள்ளைக்குக் கவனமில்லை என்று குறை கூறுவதற்கு முன், அவன் காதுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதை நாம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

"இரைச்சலை அகற்றும் வசதிதான் மென்பொருளிலேயே இருக்கிறதே?" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. ஆனால், அவ்வசதியைக் கூட்டக் கூட அது இரைச்சலோடு சேர்த்து மெல்லிய மெய்யொலிகளையும் சொல்லின் ஈற்றொலியையும் அரித்துவிடும். குரல் நீருக்கடியிலிருந்து வருவதைப்போல் கேட்பது அதனால்தான். அழுக்கு நீரை வடிகட்டிக் குடிப்பதைவிட, ஊற்றிலேயே அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்வது நல்லதல்லவா?

உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டி, பாடம் நடக்கும் நேரத்தில் வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. டெசிபல் கணக்கு நம் வாய்ப்பாட்டுக் கணக்கைப் போன்றதன்று. ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் ஒலி இரட்டிப்பாகத் தோன்றாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். 10 டெசிபல் கூடினால்தான் நம் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். ஆனால், பத்துக் கணினிகள் சேர்ந்தால் அந்த 10 டெசிபல் கூடிவிடும். இருபது சேர்ந்தால் 13. தனித்தனியே 30 டெசிபல் என்று ஒலிக்கும் இருபது கணினிகள் ஒருவர் காதிலிருந்து ஒரே தொலைவில் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 43 டெசிபல் வரும். உண்மையான கணினி அறையில் தொலைவு மாறுபடும் என்பதால் இவ்வளவு கூடாது. என்றாலும், ஆளுக்கொரு கணினியாக அமர்ந்திருக்கும் அறையில் நாம் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறோம் என்பதற்கு இக்கணக்கிலும் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி மாணவர்களிடம் இருக்கிறது. அதற்குக் குளிர்விப்பான் கிடைக்காது.

இதற்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி உண்டு. நம் வகுப்பறைகளில் கூரை விசிறிகள் சுழல்கின்றன. பிற்பகல் மழை தகரக் கூரையில் விழுந்தால் ஆசிரியரின் குரலே கேட்பதில்லை. இதில் கணினி விசிறியைப் பற்றிக் கவலைப்படுவது மிகையல்லவா? வகுப்பறையைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. ஆனால், கூரை விசிறியின் ஒலி தாழ்ந்தது, சீரானது. காது சிறிது நேரத்தில் அதை மறந்துவிடும். கணினியின் சிறிய விசிறி அப்படியில்லை. வேகம் கூடும்போது கீச்சென்று உயரும், ஓரிரு நொடியில் இறங்கும், மறுபடியும் உயரும். சீரான ஓசையைவிட ஏறி இறங்கும் ஓசையே கவனத்தை அதிகம் கலைக்கிறது. மேலும், நான் முதன்மையாகப் பேசுவது வீட்டைப் பற்றி. அடுக்குமாடி வீட்டின் ஒரே அறையில் அக்காள் தேர்வுக்குப் படிக்க, தம்பி கணினியில் பாடம் செய்ய, மூலையில் தொட்டில் ஆடும் குடும்பங்கள் நம்மிடையே குறைவில்லை. அங்கே அமைதி என்பது ஆடம்பரமன்று.

இனிக் குளிர்விப்பானுக்கு வருவோம். செயலகம் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமே வெப்பமாக மாறுகிறது. 1980களில் இருந்த 286 வகைச் செயலகங்களுக்குப் பொதுவாக விசிறியே இல்லை. 1993-இல் வந்த முதல் பென்டியம் 15 வாட் அளவில் இருந்தபோதே விசிறி வேண்டியதாயிற்று. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டியது. அக்காலத்தில் ஆசிரியர் அறையில் கணினி வைத்திருந்தவர்களுக்கு அது எழுப்பிய ஓசை நினைவிருக்கும். 2006-இல் கோர் 2 டுவோ வந்து அதை 65 வாட்டுக்கு இறக்கியது. இன்று மீண்டும் ஏறுமுகம். நடுத்தர வீட்டுக் கணினிகளில் பரவலாகக் காணப்படும் இன்டெல் கோர் ஐ5-12400 செயலகத்தின் அடிப்படை அளவு 65 வாட். முடுக்கத்தின்போது 117 வாட் வரை போகும். விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஐ9-13900கே 253 வாட் வரை போகக்கூடியது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சிறிய எண்ணை மட்டும் நம்பாமல், முடுக்கத்தின்போது எவ்வளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்விப்பானைச் சோதிப்பது அந்தப் பெரிய எண்தான்.

கட்டைவிரல் நகம் போன்ற சில்லில் எழும் வெப்பத்தைக் காற்றோடு சேர்ப்பதே குளிர்விப்பானின் பணி. அடியில் ஓர் உலோகத் தட்டு. அதிலிருந்து கிளம்பும் செப்புக் குழாய்கள். குழாய்களில் கோத்த அலுமினியத் தகடுகள். அவற்றின் ஊடே காற்றைச் செலுத்தும் விசிறி. அந்தச் செப்புக் குழாய்களில்தான் நுட்பம் இருக்கிறது. அவற்றினுள்ளே காற்றை நீக்கிச் சிறிதளவு நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாதலால் அந்நீர் 100 பாகைக்கு மிகக் கீழேயே ஆவியாகிறது. சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரி எண்ணெயை இழுப்பதைப்போல் திரும்பி வருகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் செயற்படுத்திக் காட்டிய நுட்பம் இது. அறிவியலில் நீரின் நிலைமாற்றம் கற்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பழுதான குளிர்விப்பான் ஒன்று கையில் இருந்தால் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். குழாயின் ஒரு முனையைச் சுடுநீரில் வைத்தால் மறுமுனை எவ்வளவு விரைவில் சுடுகிறது என்பதை மாணவர்கள் தொட்டே அறியலாம். (நீர் மிகக் கொதிப்பாக வேண்டாம்.)

விசிறியைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவதே அமைதிக்கு வழி. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால், ஒலி அப்படிக் குறைவதில்லை. அது ஏறக்குறைய 15 டெசிபல் விழுந்துவிடுகிறது. அதாவது, காது உணரும் சத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். இது நமக்கு மிகவும் ஆதாயமான வியாபாரம். செயலகப் பெட்டியோடு இலவசமாக வரும் குளிர்விப்பானின் விசிறி சிறியது, தகடுகளும் குறைவு. ஆகவே, வேலை கூடியதும் அது விரைந்து சுழன்றே ஈடுகட்ட வேண்டும். இன்டெல் நிறுவனம் 12-ஆம் தலைமுறைச் செயலகங்களோடு கொடுத்த சிறிய குளிர்விப்பான் நிமிடத்துக்கு 3000 சுழற்சியை ஒட்டி ஓடக்கூடியது. 120 மில்லிமீட்டர் விசிறியும் அகன்ற தகடுகளும் கொண்ட ஒன்று அதே வேலையை ஆயிரம் சுழற்சிக்குள் முடித்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விழிக்காது.

உற்பத்தியாளர் அச்சிடும் டெசிபல் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். எவ்வளவு தொலைவில் அளந்தார்கள், தனி விசிறியை அளந்தார்களா, தகடுகளோடு சேர்த்தா என்பவை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தொலைவு பாதியானால் 6 டெசிபல் கூடும் என்பதால், ஒரு மீட்டரில் 25 என்று அளந்தது, மேசையில் அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 31. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் அளவுகோல்களும் இவ்வளவு மெல்லிய ஒலியை நம்பத்தகுந்த முறையில் அளப்பதில்லை. ஒப்பிட்டு அளந்து எழுதும் விமர்சனங்கள் இரண்டு மூன்றைப் படிப்பதே மேல்.

அவற்றைப் படிக்கும்போது நம் நாட்டு வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் சோதிப்பவர்கள் 21, 22 பாகை அறையில் சோதிக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டில் 32 பாகை. அவர்கள் 65 பாகை என்று எழுதியிருந்தால் நமக்கு 75 என்று கொள்ளுங்கள். இதனால் அஞ்சத் தேவையில்லை. இன்டெல் செயலகங்கள் பொதுவாக 100 பாகையை எல்லையாகக் கொண்டவை; ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு 95. எல்லையை நெருங்கினால் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வெடித்துவிடாது. 75, 80 பாகையில் கணினி நிம்மதியாக வேலை செய்யும். ஐந்து பாகை குறைப்பதற்காக விசிறியை அலற விடுபவர்கள் எண்ணைக் குளிர்விக்கிறார்கள், காதைச் சுடுகிறார்கள். அதே வேளையில், விசிறியே இல்லாத குளிர்விப்பான்களை நம் தட்பவெப்பத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சற்றே சுழலும் ஒரு விசிறி, இல்லாத விசிறியைவிட எவ்வளவோ பயனுடையது. அதன் ஒலியும் காதுக்கு எட்டாது.

நீர்வழிக் குளிர்விப்பான் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. கேட்பது பெற்றோர் என்றாலும், கேட்க வைப்பது பிள்ளை. வண்ண விளக்கு எரியும், கண்ணாடி வழியே தெரியும், நண்பன் வீட்டில் இருக்கிறது. லோ யாட் வளாகத்துக்குள் நுழைந்தால் அடுக்கடுக்காக அவைதாம் மின்னுகின்றன. "சிக்கு, இதுதான் பவர்" என்று கடைக்காரரும் சொல்வார். என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: பள்ளிப் பிள்ளையின் கணினிக்கு நீர்வழிக் குளிர்விப்பான் தேவையில்லை. இருநூறு வாட்டைத் தாண்டும் செயலகங்களுக்கு அது பொருந்தும். அத்தகைய செயலகம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு? அதிலும் விசிறிகள் உண்டு, அவையும் ஒலிக்கும். கூடுதலாக நீரேற்றி ஒன்று ஓய்வின்றி முனகும். குழாய்ச் சுவர் வழியே திரவம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறையும். நீரேற்றி நின்றுவிட்டால் முழுவதையும் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. காற்றுவழிக் குளிர்விப்பானில் தேய்வது விசிறி ஒன்றே. அது கெட்டால் 50 ரிங்கிட்டுக்குள்ளேயே வேறொன்று மாட்டலாம். செம்பும் அலுமினியமும் பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வரை இருக்கும். விலையிலும், நீர்வழிச் சாதனம் இதைவிட இரு மடங்கு, மும்மடங்கு. அந்த வேறுபாட்டில் நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கலாம். அல்லது ஓராண்டுக்குத் தேவையான தமிழ்க் கதைநூல்கள் வாங்கலாம். வண்ண விளக்கு எரிந்து எந்தப் பிள்ளையும் கட்டுரை எழுதியதில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? பெயர் சொல்லாமல் நழுவுவது முறையாகாது. ஐ5-12400, ரைசன் 5 5600 போன்ற செயலகங்களுக்கு 100 முதல் 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் ஒற்றைக் கோபுர வகையே போதும். நான்கு வெப்பக் குழாய்களும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட டீப்கூல் ஏகே400, நெடுங்காலமாக விற்பனையில் இருக்கும் கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வரிசை ஆகியவை இவ்வகையில் அடங்கும். பதின்ம வயதுப் பிள்ளை காணொலித் தொகுப்பு செய்பவர், செயலகமும் சற்றுப் பெரியது என்றால் தெர்மல்ரைட் நிறுவனத்தின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ சிறந்தது: ஆறு குழாய்கள், இரண்டு கோபுரங்கள், இரண்டு விசிறிகள். பெயர்தான் பயமுறுத்துகிறது, ஆள் அமைதியானவர். 2005-இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் பழுப்பு நிற விசிறிகளைப் புகழாதவர் இல்லை. ஆறாண்டு உத்தரவாதமும், புதிய பலகைகளுக்கு ஏற்ற இணைப்புகளை இலவசமாக அனுப்பும் வழக்கமும் அந்நிறுவனத்தின் தனிச்சிறப்பு. ஆனால், விலையைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் பள்ளிச் சீருடைச் செலவு அதில் போய்விடும். கணினியில் குரற்பதிவு செய்து பிழைப்பவருக்கு அது தகும். மற்றவருக்குத் தேவையில்லை என்பேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று உயரம். மேலே சொன்ன கோபுரங்கள் 155 முதல் 160 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. பெட்டியின் அகலம் போதவில்லை என்றால் பக்கக் கதவு மூடாது. ஒல்லியான அலுவலகக் கணினிகளுக்கு இவை ஆகவே ஆகா. தாழ்ந்த வகையைக் கேட்க வேண்டும். பெருநிறுவனங்கள் ஆயத்தமாகவே விற்கும் கணினிகளில் பலகையும் இணைப்பும் தனிப்போக்காக இருப்பதுண்டு. அவற்றில் கைவைப்பதற்கு முன் விசாரித்துவிடுங்கள். மற்றொன்று செயலகத்தின் பொருத்துவாய். இன்டெல் 2021-இல் எல்ஜிஏ1700 பொருத்துவாயைக் கொண்டுவந்தபோது குளிர்விப்பானைப் பூட்டும் துளைகளின் இடைவெளியை 75-இலிருந்து 78 மில்லிமீட்டராக மாற்றிவிட்டது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்திப் பூட்ட முடியாது. அண்ணன் வீட்டுப் பழைய குளிர்விப்பானை வாங்கிப் பொருத்த நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏஎம்டி பக்கம் நிலைமை சற்று எளிது. ஏஎம்4-க்குச் செய்தவற்றில் பெரும்பாலானவை 2022-இல் வந்த ஏஎம்5-க்கும் பொருந்துகின்றன.

ஏற்கெனவே கணினி இருக்கிறது, சத்தம் தாங்கவில்லை என்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் அமைப்பைத் திறந்து பார்க்கட்டும். கணினி இயங்கத் தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் பக்கத்தில் விசிறியின் வேக வரைவு இருக்கும். பல தாய்ப்பலகைகள் அதைத் தேவைக்கு மேல் செங்குத்தாக வைத்திருக்கின்றன. 60 பாகை வரை விசிறி முப்பது நாற்பது விழுக்காட்டு வேகத்தில் அசையாமல் ஓடட்டும். அதன்பின் படிப்படியாக ஏறட்டும். 90 பாகையை ஒட்டி முழு வேகம் எட்டினால் போதும். வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் வைக்கும் வசதியும் பெரும்பாலும் உண்டு. அந்த ஏறி இறங்கும் கீச்சொலி அதனாலேயே மறைந்துவிடும். விசிறியின் இணைப்பில் நான்கு கம்பிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நான்காவது கம்பிதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குறிப்பைக் கொண்டு செல்கிறது. மேலும், செயலகத்தின் மின்னளவுக்கு உச்சவரம்பு வைக்கலாம். இன்டெல்லில் அதை 65 வாட் என்று எழுதி வைக்கலாம். ஏஎம்டியில் 'இக்கோ மோட்' என்ற பெயரில் இருக்கிறது. நீண்ட கனமான வேலைகளில் சிறிது வேகம் குறையும். சொற்செயலியிலும் இணைய வகுப்பிலும் பிள்ளைக்கு வேறுபாடே தெரியாது. ஒரு காசு செலவில்லை.

பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினி அறைக்குப் புதிய கருவிகள் வாங்கும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கமோ நன்கொடையாளரோ பணம் தருகிறார்கள். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் செயலகம், நினைவகம், சேமிப்பகம் என்று எழுதுகிறோம். ஓசையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. விற்பனையாளர் நம்மை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. நாம் கேட்காததை அவர் ஏன் கொடுக்க வேண்டும்? பள்ளிக்கு நான் கோபுரக் குளிர்விப்பான்களையும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சிறந்த வழி, வெப்பத்தையே குறைவாக எழுப்பும் செயலகத்தை வாங்குவது. இன்டெல் வரிசையில் பெயரின் ஈற்றில் 'டி' என்ற எழுத்து வரும் வகைகள் 35 வாட் அடிப்படை அளவு கொண்டவை. ஐ3-12100டி அவற்றுள் ஒன்று. தொடக்கப்பள்ளி மாணவர் செய்யும் பணிகளுக்கு அது தாராளம். சிறிய பெட்டி, குறைந்த மின்கட்டணம், அறையின் குளிர்சாதனத்துக்கும் சுமை குறைவு. இருபது கணினிகள் தலைக்கு 60 வாட் கூடுதலாக உமிழ்ந்தால் அது 1,200 வாட் அடுப்பு ஒன்றை அறை நடுவே வைப்பதற்குச் சமம். பிறகு அந்த அடுப்பை அணைக்கக் குளிர்சாதனத்தைக் கூட்டுகிறோம். அதன் இரைச்சலுக்கு மேல் நம் குரலைக் கூட்டுகிறோம். இருபத்தைந்து ஆண்டு பணியாற்றிய ஆசிரியர்களின் தொண்டையைக் கேட்டுப் பாருங்கள், கதை சொல்லும்.

எந்தக் குளிர்விப்பானும் தூசு அடைந்துவிட்டால் இரைச்சல் பெட்டிதான். தகடுகளுக்கிடையில் பஞ்சு போல் படிந்ததும் காற்று போகாது, விசிறி விரைவு கூடும். நம் வீடுகளுக்கென்றே தனிக்காரணம் ஒன்றும் உண்டு: பூசையறைக்குப் பக்கத்தில் கணினி. ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை தகடுகளில் பிசுக்காகப் படிகிறது. அதன்மேல் விழும் தூசு ஒட்டிக்கொண்டு எளிதில் போவதில்லை. சாமியை நகர்த்த வேண்டாம், கணினியை நகர்த்துங்கள். தரையிலும் வைக்க வேண்டாம், அரையடி உயர்த்தி வையுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் தூரிகையாலும் காற்றூதியாலும் சுத்தம் செய்தால் போதும். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூடினோம். அத்தகைய பருவங்களில் கொஞ்சம் முன்னதாகவே செய்வது நல்லது. உள்ளே பல்லி முட்டை கிடந்தால் வியப்படைய வேண்டாம். வெதுவெதுப்பான இடம் அவற்றுக்கும் பிடிக்கும்.

பொருத்தும் வேலையைக் கடையில் கொடுத்தால் சிறு கூலி கேட்பார்கள்; பிள்ளையோடு சேர்ந்து வீட்டிலும் செய்யலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை திருகுகளைப் பிடித்துக் கொடுக்கவும் குறிப்பேட்டைத் தமிழில் நமக்கு விளக்கிச் சொல்லவும் முடியும். அதுவே ஒரு வாய்மொழிப் பயிற்சி. பழைய பசையைத் துணியால் துடைத்துவிட்டு, புதிய வெப்பப் பசையைப் பட்டாணி அளவு செயலகத்தின் நடுவில் வையுங்கள். அதிகம் பூசினால் அதிகம் குளிரும் என்பது தவறு; பசையின் வேலை இரு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டுமே. திருகுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். விசிறி, காற்றைப் பெட்டியின் பின்புறம் நோக்கித் தள்ளும்படி இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, குளிர்விப்பானின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் நெகிழித் தாளை உரித்துவிடுங்கள். அதை உரிக்காமலே பூட்டிவிட்டு, 'புதுக் கூலர் வேலை செய்யவில்லை' என்று கடைக்குத் திரும்பி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்களாம்.